ஞானசேகரன் கொடுத்த சாம்பிள்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானசேகரன் அண்ணன் குடிதண்ணீர் கேனை அளந்தார். வாசலில் ஒரு அண்டாவை வைத்து, கேனிலிருந்து லிட்டர் ஜாடியில் பிடித்துப் பிடித்து அதில் ஊற்றினார். கேன் போடும் வீராசாமி தன் வண்டியில் சாய்ந்துகொண்டு பார்த்தான். கேனில் இருபது லிட்டரும் சரியாக இருந்தது. அண்ணன் ஜாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் ஜாடியில்தான் கோளாறு என்றார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள். துணி காயப்போடும் சாக்கில் நின்று முழுவதையும் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பெட்ஷீட்டுக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். கீழ்வீட்டில் இரண்டே பேர், அண்ணனும் அவர் மனைவி தாட்சாயிணி அக்காவும். மகளைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு கேன் நாலு நாள் வந்தது. சில மாதங்களாக இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. வீராசாமி குறைத்து நிரப்புகிறான் என்பது அண்ணனின் கட்சி. வீராசாமிக்கு அன்று ரோஷம் வந்துவிட்டது.

"இத்தினி வருசமா இந்த ஏரியாவுல கேன் போட்டுக்கினு கீறேன். என்ன நடுத்தெருவுல நிக்க வெச்சு அளந்தது நீதான் அண்ணாத்தே. இனிமே உன் ஊட்டுப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வேறு ஆள் ஏற்பாடானது. அவன் போட்ட கேனும் இரண்டு நாளில் தீர்ந்தது. இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று அண்ணன் முடிவு கட்டினார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மழைத் தண்ணீர் தெருவில் நின்ற நாளில் என் ஸ்கூட்டியைத் தோளில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். ஆனால் நம்புவது என்ற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து வந்து வீடு கேட்டபோது, என் கணவர் நிர்மலின் ஆபீஸ் அடையாள அட்டையை வாங்கிக் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். அக்காவுக்குச் செருப்பு கடித்து வந்த புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தபோது, களிம்பு டூப்ளிகேட் என்று மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண்களைக் கேட்டோடு திருப்பி அனுப்பினார். இலவசமாக ஒருவர் வீடு தேடி வந்து ரத்தம் எடுத்தால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது அவர் கணக்கு.

இதெல்லாம் அவர் தொழில் கொடுத்த புத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் பாகத்தை அளவு பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் தப்பானதை இன்னொரு பெட்டியிலும் போடுவது வேலை. அனுப்பியவன் எத்தனை சர்ட்டிபிகேட் வைத்திருந்தாலும் அவர் கை படாமல் ஒரு திருகாணிகூட உள்ளே போகாது. டெஸ்ட் பண்ணாமல் எதையும் நம்பாதே என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாராம்.

இப்படிப்பட்டவர் தன் உடம்பை மட்டும் யாரையும் டெஸ்ட் பண்ண விடமாட்டார். கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் மெடிக்கல் செக்கப் உண்டு. ஒரு வருடம் அன்றைக்கு லீவு போட்டார். அடுத்த வருடம் மகள் வீட்டில் விசேஷம் என்றார். இந்த வருடம் ஐம்பது தாண்டியவர்கள் யாரும் தப்பிக்க முடியாது என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் ஹேமநாதன். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். போன வருட செக்கப் முடிந்த சில வாரங்களில் ஹேமநாதன் கணக்கை முடித்துக்கொண்டு மாங்காட்டுக்குப் போய்விட்டார். செக்கப் என்பது வயதானவர்களைக் கழித்துக் கட்டும் தந்திரம், உடம்பில் கோளாறு என்று எழுதிவைத்துப் பின்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணன் முடிவுக்கு வந்தார். அதைக் கேண்டீனில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தார். அவருக்கு ரிடையர் ஆக இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதற்குள் தன்னை யாரும் தப்பான பெட்டியில் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பயம் முழுவதும்.

அதனால் அவர் செய்த காரியம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இருந்தாலும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

செக்கப்புக்கு முதல் நாள் யூரின் டெஸ்டுக்கான சின்ன டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தன்னுடையதைக் கொடுத்தால்தானே வம்பு, அக்காவுடையதைக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். தாட்சாயிணிக்கு ஒரு கோளாறும் கிடையாது, மகளைப் பெற்றதற்கு அப்புறம் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை, கல்லு மாதிரி இருக்கிறாள் என்பது அவர் எண்ணம். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, இந்தக் கருமத்தையெல்லாம் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா என்று திட்டியிருக்கிறார். விடிய விடிய நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் டப்பாவை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போயிருக்கிறார்.

திருட்டுத்தனத்திலும் அண்ணன் இன்ஸ்பெக்டர்தான். அங்கே உட்கார்ந்து வாங்குவது தானாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்போம் என்று யோசித்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஆறிப்போயிருக்கும், தொட்டாலே தெரிந்துவிடும். அதனால் டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் கேரியருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு போனார். கம்பெனி டாய்லெட்டுக்குள் போய் வெளியே வந்து, வெதுவெதுப்பாக நர்ஸ் கையில் கொடுத்தார். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்துக்கும் வழி வைத்திருந்தார். நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போய், மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தார். ரத்தத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சாம்பாரை அவர் மத்தியானம் சாப்பிட்டாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணன் மாடி ஏறி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கையிலிருந்த ரிப்போர்ட்டை நீட்டி, இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல் என்றார். அக்கா படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

படித்தேன். யூரினில் சர்க்கரை நிறைய இருப்பதாகவும் புரதம் கலந்து போவதாகவும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. நர்ஸும் அதையே சொல்லி, வந்து திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையைத் தட்டினார்.

"மாட்டிக்கினானுங்க பாத்தியாம்மா. அது என்னுதே இல்ல, தாட்சாயிணிது. கல்லு மாதிரி கீற பொம்பளைக்கு சுகர்னு எழுதிக்கீறானுங்க. அப்ப எல்லாமே பொய்க் கணக்குதான?" என்றார்.

பிறகு சாம்பார் கேரியர் வரைக்கும் முழுக் கதையையும் சொன்னார். நான் சிரித்தேன், பொய் சொல்வானேன். சிரித்துக்கொண்டே படியைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு சொம்பு. பேச்சுக்கு நடுவே அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். ஆறாத புண்ணோடு அந்தக் கால் கீழ்ப்படியில் இருந்தது. என் அப்பாவுக்குச் சுகர் வந்த புதிதில் அவர் தலைமாட்டில் இப்படித்தான் ஒரு சொம்பு இருக்கும். என் சிரிப்பு நின்றுபோனது. சந்தேகம் வருவதற்கு அந்த வீட்டில் அண்ணனுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறதா என்ன?

ரிப்போர்ட் உண்மையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கண் சுருங்கியது. உன் ஆபீசும் எஸ்டேட்டில்தானே இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்காரன் என்னையும் விலைக்கு வாங்கிவிட்டான் என்று நினைக்கிற மனிதரிடம் நேராகப் பேசிப் பயனில்லை. அவர் வழியிலேயே போனேன். கம்பெனி பொய் சொல்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் அக்காவை வேறு லேபுக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்துக் காட்டுங்கள், நார்மல் என்று வந்தால் அவர்கள் கதை கந்தலாகிவிடும் என்றேன்.

அண்ணனுக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் அம்பத்தூர் லேப் எதுவும் வேண்டாம் என்றார், எல்லாம் கம்பெனிக்கு வேண்டப்பட்டவர்களாக இருப்பார்களாம். மாங்காட்டுக்குப் போகலாம், அங்கே ஹேமநாதன் இருக்கிறான், பாதிக்கப்பட்டவன், அவனும் சாட்சிக்கு வருவான் என்றார். இங்கிலீஷ் சாட்சியாக நானும் வரவேண்டும் என்று உத்தரவானது.

லேபில் அவர் பண்ணிய அழும்பை என்னவென்று சொல்வது! ஊசி கவரைத் தன் எதிரில்தான் பிரிக்க வேண்டும் என்றார். டியூபில் ஒட்டிய பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். உள்ளே எடுத்துக்கொண்டு போன பெண்ணின் பின்னாலேயே கதவு வரைக்கும் போனார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிசல்ட் மத்தியானம் வரும் என்றார்கள்.

அதுவரை பொழுது போக வேண்டுமே. ஹேமநாதன் காமாட்சி அம்மன் கோயில் பக்கம் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். எங்களுக்கு டீ வரவழைத்தார். அண்ணன் மூச்சுவிடாமல் கம்பெனியின் சதியைச் சொல்லி, உன்னைத் துரத்தினதற்கும் சேர்த்து இன்றைக்குப் பதில் கிடைக்கும் என்றார். ஹேமநாதன் கற்பூரப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன யாரு மாமே துரத்துனது?" என்றார் கடைசியில். "செக்கப்புல ஈசிஜி சரியில்லன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. நெஞ்சுல அடைப்பு இருந்துச்சு. எனக்கு ஒரு வலியும் தெர்ல, நான்பாட்டுக்கு ஷிப்ட் பாத்துக்கினு இருந்தேன். வைத்தியம் பண்ணதும் பசங்க வேலைக்குப் போகாதன்னாங்க, நானே எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அந்த செக்கப் இல்லன்னா இங்க கற்பூரம் வித்துக்கினு இருக்கமாட்டேன். போட்டோவுக்கு முன்னாடி கொளுத்திக்கினு இருப்பாங்க."

இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்டார். நீ எப்போது கேட்டாய், நீயாக ஒரு கதையைக் கட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தால் நான் என்ன செய்வது என்றார் ஹேமநாதன். அண்ணன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.  லேபுக்குத் திரும்பும்போது அவர் நடை வேகமாக இருந்தது.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிதானமாகச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம். இது நேற்று வந்ததில்லை, மாதக்கணக்காக இருக்கிறது. யூரினில் புரதம் போவது சிறுநீரகம் பாதிக்கப்பட ஆரம்பித்திருப்பதற்கு அடையாளம். ஆரம்பம் என்பதால் மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாம். கால் வீங்கி வந்த பிறகு பார்த்திருந்தால் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும் என்றார். தாகம் அதிகமாக இருக்கிறதா என்று கேட்டார்.

"தண்ணி குடிச்சிக்கினே கெடப்பேன்மா. வெயிலுக்குன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அந்தத் தண்ணீர்க் கேன்தான் நினைவுக்கு வந்திருக்கும். திருட்டுப்போன தண்ணீரெல்லாம் அவர் கண் எதிரிலேயே இருந்திருக்கிறது.  அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்கு அன்று வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. மெஷின் ஓட்டுகிற ஆணுக்குக் கம்பெனி டெஸ்ட் எடுக்கிறது. எனக்கும் நிர்மலுக்கும் ஆபீசில் எடுக்கிறார்கள். அந்த ஆணுக்குச் சோறு பொங்கிப் போடுகிற தாட்சாயிணி அக்காவைக் கூப்பிட்டு டெஸ்ட் எடுக்க எந்தக் கம்பெனி இருக்கிறது? தேடி வந்த பெண்களையும் இவர் கேட்டைச் சாத்தி அனுப்பினார். ஒரு கோமாளித்தனம் நடந்ததால்தான் அக்காவின் வியாதி ஒரு நர்ஸின் கண்ணில் பட்டது. அதுவும் அக்கா பேரில் இல்லை. தினமும் படியில் அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்கு ஓடியவள் நானும்தான்.

பஸ் ஸ்டாப்பில் அக்கா அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"பால்காரன், மருந்துக் கடைக்காரன், வீராசாமி, ஒருத்தர் பாக்கியில்லாம சந்தேகப்பட்ட. ராவும் பகலும் உன் எதிர்லதான கெடந்தேன். என் மேல மட்டும் ஒரு நாளாச்சும் உனக்கு சந்தேகம் வர்லியேயா."

அண்ணன் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்று சொல்லப் பார்த்தார். பஸ் வந்ததும் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, காற்று வருகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று அம்பத்தூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் நர்ஸிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் அந்த அம்மாள் அவரை நம்பவில்லை. சுகர் வந்த பயத்தில் மனைவி மேல் பழியைப் போடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இவர் மாங்காட்டு ரிப்போர்ட்டைக் காட்டி, சாம்பார் கேரியரைச் சொல்லி, சத்தியம் பண்ண வேண்டியதாகிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் ஒரு புது டப்பாவைக் கொடுத்து, வெறும் வயிற்றோடு வந்து ரத்தமும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

டப்பாவைக் கொடுக்க வேண்டிய அன்று காலை நான் ஆபீசுக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது, பாத்ரூம் கதவுக்கு வெளியே அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அண்ணன் டப்பாவோடு வெளியே வந்தார்.  பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டார், ஆனால் அக்கா நகரவில்லை. புறங்கையால் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா கீது. உன்னுதுதான்" என்றார்.

பழக்க தோஷத்தில் அண்ணன் கை சாப்பாட்டுப் பைக்குப் போனது. அக்கா அந்தக் கையில் ஒரு போடு போட்டு, கையிலேயே பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். டப்பாவை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு அவர் வாசலுக்கு வந்தார்.

அங்கே வீராசாமி கேனை இறக்கிக்கொண்டிருந்தான். அக்காவே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொல்லித் திரும்ப வரவழைத்திருந்தார். அவன் அண்ணனிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் கையில் இருந்ததைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அளவெல்லாம் கரீட்டா கீதா அண்ணாத்தே?" என்றான்.

 பழைய ஞானசேகரனாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்குத் தெருவே கூடியிருக்கும். அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், பிறகு வீராசாமியைப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்ணாதான்பா தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.